வகுப்பைப் பிரித்தால் சரியாகிவிடுமா?

உயர்நிலைப் பள்ளியில் ஆண், பெண் பிள்ளைகளைத் தனித்தனி வகுப்பில் உட்கார வைத்தால் படிப்பு கூடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஆனால் இதைப் பற்றிய 21 நாடுகளின் 184 ஆய்வுகளை, சுமார் 16 லட்சம் மாணவர்களின் விவரங்களை, ஒன்றாக அலசிய முடிவு 2014இல் வந்தது. அதில், முறையாக ஒப்பிட்ட ஆய்வுகளில் தனி வகுப்புக்கும் கலப்பு வகுப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

ஆனாலும் கட்டுரையில் ஒரு நியாயம் இருக்கிறது. நான் படித்த கலப்பு வகுப்பில் இயற்பியல் ஆய்வகம் என்றால் கருவியைத் தொடுவது பையன்கள், அளவைக் குறிப்பேட்டில் எழுதுவது நாங்கள். சின்ன நீளங்களைத் துல்லியமாக அளக்கும் வெர்னியர் காலிப்பரை நான் கையில் பிடித்ததே செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம்தான் (அதுவும் தலைகீழாக!). சரி, அதற்காக வகுப்பையே பிரிக்க வேண்டுமா? வாராவாரம் ஆளை மாற்றி உட்காரச் சொல்லி ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே.