எல்லை தாண்டின முனி

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா இந்தக் கருமத்தைத்தான் பாக்கணுமா?" என்று அம்மா திட்டத் திட்டத்தான் 'ஃபிரைடே தி தர்ட்டீன்த்' மூன்றாம் பாகத்தைச் சின்ன வயதில் பார்த்தேன். சேலம் அம்மாபேட்டை வீடு, வாடகை சிடி. 13-ம் தேதி வெள்ளிக்கிழமை வெள்ளைக்காரனுக்கு ஆகாது. நமக்கு அது மாரியம்மனுக்கு விளக்குப் போடும் நாள். அதனால் தலைப்பில் இருந்த பயம் என்னை எட்டவேயில்லை. 1982-ல் 3டி-யில் எடுத்த படம் அது. ஒருவன் யோயோவை நம் மூக்குக்கு நேராக ஆட்டிக்கொண்டே இருப்பான். எங்கள் வீட்டுச் சின்ன டிவியில் அது எதற்கென்றே புரியாமல் நானும் தம்பியும் முழித்தோம்.

போன வாரம் ஏற்காட்டில் மச்சான் வீட்டில் மூன்று ராத்திரி உட்கார்ந்து 12 படத்தையும் பார்த்து முடித்தேன். வெளியே மழை. பனியில் சில்வர் ஓக் மரங்கள் பாதிதான் தெரிந்தன. இந்த மாதிரிப் படத்துக்கு இதைவிட நல்ல தியேட்டர் கிடையாது.

1980-ல் வந்த முதல் படம் இன்றைக்கும் பயமுறுத்துகிறது. கொலை செய்வது ஜேசன், அதாவது பின்னால் வரும் பாகங்களின் முகமூடிக் கொலைகாரன், என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, அவன் அம்மா. ஏரிக்கரைக் கோடை முகாமில் வேலை பார்த்தவர்கள் கவனிக்காமல் விட்டதால் பிள்ளை ஏரியில் மூழ்கிவிட்டான் என்கிற ஆத்திரம். அந்த அம்மாவாக நடித்த பெட்ஸி பால்மர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு அத்தை மாதிரி சிரித்துப் பேசியபடி வருகிறார். பேச்சு நடக்கும்போதே முகம் மாறுகிறது. பிள்ளையின் குரலில் தனக்குத்தானே "கொல்லும்மா" என்று சொல்லிக்கொள்கிறார். அதற்கான ஆங்கிலச் சொற்களின் தொடக்க ஒலிகளிலிருந்துதான் இசையமைப்பாளர் ஹாரி மான்ஃப்ரெடினி அந்த "கி கி கி, மா மா மா" ஓசையைச் செய்தார்.

அப்புறம் அந்தப் படகு. தப்பித்த பெண் விடிகாலையில் ஏரி நடுவே தனியாக மிதக்கிறாள், ஒரு கை தண்ணீரில். இசை தாலாட்டு மாதிரி போகிறது. என்ன வரப்போகிறது என்று தெரிந்தும் மச்சான் காப்பியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான்.

என் கட்சி இதுதான்: இந்த வரிசைக்கு உயிர் அந்த ஏரி. நம்ம ஊர் முனிக்கு எல்லை உண்டு. அந்தப் புளியமரம், அந்த ஓடைக்கரை. அங்கே போனால்தான் அடிக்கும். ஜேசனும் அந்த ஜாதி. ஆறாம் பாகத்தில் (1986) மின்னல் தாக்கிப் பிணம் எழுந்து வருவது அபத்தம்தான். ஆனால் நேராக ஏரிக்கரைக்கே திரும்புகிறான், கடைசியில் சங்கிலி போட்டு அதே தண்ணீரில் கட்டிப்போடுகிறார்கள். சிரிப்பும் பயமும் சரியாகக் கலந்த படம். எட்டாம் பாகத்தில் (1989) அவனை மன்ஹாட்டனுக்குக் கூட்டிப்போகிறோம் என்று சொல்லிவிட்டு முக்கால்வாசிப் படத்தைக் கப்பலிலேயே ஓட்டினார்கள். ஒன்பதில் உடம்புவிட்டு உடம்பு தாவுகிறான். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஐந்தாம் பாகத்தை (1985) எல்லோரும் திட்டுவார்கள், அதில் ஜேசனே இல்லை என்று. முகமூடிக்குள் இருப்பவர் ஓர் ஆம்புலன்ஸ்காரர், மகனைப் பறிகொடுத்த அப்பா. எனக்கு அது முதல் படத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிற கதை. என்ன, அந்தத் துக்கத்தைக் கடைசியில் போலீஸ்காரர் வாயால் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டார்கள். அந்த அம்மா தானே பேசினாரே, அப்படி இவரையும் பேசவிட்டிருக்கலாம். இத்தனைக்கும் முந்தின வருஷம் வந்த நாலாம் பாகத்துக்குப் பெயர் 'கடைசி அத்தியாயம்'! நம்ம ஆட்கள் அரசியல் ஓய்வு அறிவிப்பதைப் போல.

இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவிலும் மச்சானோடு சண்டை. அவனுக்குப் பிடித்தது பத்தாம் பாகம். 2455-ல், விண்கலத்தில் விழித்தெழும் ஜேசன். "எல்லையாவது ஒண்ணாவது! திரவ நைட்ரஜன்ல மூஞ்சிய முக்கி, கல்லு மாதிரி ஒடைக்கிறான் பாரு, அதுக்கே காசு சரியாப் போச்சு மாப்ள" என்றான். டவுனில் தட்டுவடை செட் வாங்கித் தந்தும் மசியவில்லை.