கன்று நடக் காசு இருக்கிறது, மரம் வளர்க்கத்தான் இல்லை

நகரத்துச் சூட்டைத் தணிக்க மரம் நடுவதற்கு அரசு நிதி ஒதுக்குகிறது என்று செய்தி வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். அது வீண் செலவு என்று சொல்கிறவர்கள் பக்கம் நான் இல்லை. ஆனால் அந்தச் செய்திகளில் எப்போதும் ஒரே எண்தான் கொட்டை எழுத்தில் இருக்கும்: எத்தனை கன்றுகள். ஒரு லட்சம், பத்து லட்சம், ஒரு கோடி. ஐந்து வருஷம் கழித்து அவற்றில் எத்தனை உயிரோடு நிற்கும், அதுவரை யார் தண்ணீர் ஊற்றுவார்கள், ஊற்றுகிறவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. என் சண்டை அந்த ஒரு வரிக்காகத்தான்.

மரம் ஊரைக் குளிர்விப்பது இரண்டு வழியில். முதலாவது நிழல். தாரும் கான்கிரீட்டும் பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் சூட்டைக் கக்கும்; அந்த வெயிலை இலைகள் மேலேயே நிறுத்திவிடுகின்றன. இரண்டாவது, வேர் உறிஞ்சிய தண்ணீரை இலைகள் ஆவியாக விடுவது. தண்ணீர் ஆவியாக வேண்டுமென்றால் வெப்பம் வேண்டும். அது சுற்றுப்புறத்திலிருந்துதான் போகிறது. நன்றாக வளர்ந்த ஒரு மரம் ஒரு நாளில் நூறு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கினால், அதில் செலவாகும் வெப்பம் கிட்டத்தட்ட 70 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். சத்தமில்லாமல், மின் கட்டணம் இல்லாமல், தெருவில் நடந்து போகிற எல்லாருக்கும் சேர்த்து.

இடுப்பு உயரக் கன்றால் இந்த இரண்டில் எதையும் செய்ய முடியாது. அதனிடம் இருப்பது ஒரு கைப்பிடி இலை. பலவகை மரங்கள் ஒரு ஆள் ஒதுங்கி நிற்கிற அளவுக்கு நிழல் விரிக்கவே பத்து, பதினைந்து வருஷம் ஆகும். அதாவது இன்று அரசு போடுகிற பணத்துக்கான குளிர்ச்சி அடுத்த தலைமுறைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத்தான் கிடைக்கப்போகிறது. இடையில் கன்று செத்துவிட்டால் போட்டதெல்லாம் போச்சு.

சாகவும் செய்கிறது. தெருவோர மரங்கள் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கின்றன என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2011-இல் ஒரு கட்டுரை வந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 சதவீதம் மரங்கள் சாகின்றன என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் அந்த வேகத்தில் போனால் நட்டதில் பாதி 13 முதல் 20 வருஷத்துக்குள் இல்லாமல் போய்விடும். சரியாக நிழல் கொடுக்க ஆரம்பிக்கிற வயதில்! சராசரிக் கணக்கே இப்படி என்றால், வெயில் காலத்தில் தண்ணீர் வண்டி வராத இடத்தில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நிதி ஒதுக்குகிற முறையில்தான் கோளாறு. குழி தோண்ட, கன்று வாங்க, கூண்டு வைக்கக் கொடுக்கிற பணம் ஒரு நிதியாண்டுக்குள் முடிந்துவிடும். பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்துக் கணக்கை மூடிவிடலாம், புகைப்படமும் கிடைத்துவிடும். மூன்று வருஷம் தண்ணீர், பிறகு ஆண்டுதோறும் கவாத்து, பூச்சி பார்ப்பது, விழக் காத்திருக்கிற கிளையை முன்கூட்டியே எடுப்பது ஆகியவற்றுக்கு வருஷா வருஷம் பணம் வேண்டும், ஆள் வேண்டும். அதில் திறப்பு விழா கிடையாது. அதனால் அது எந்தத் திட்ட அறிக்கையிலும் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளப்படுகிறது.

நான் அடிக்கடி மேற்கோள் காட்டுவது அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக் கதையை. 2011 முதல் 2014 வரை அங்கே ஒரு தொண்டு நிறுவனம் வீடுகளுக்கு முன்னால் இலவசமாக மரம் நட்டுத் தருவதாகச் சொன்னது. கேட்கப்பட்டவர்கள் சுமார் 7,500 பேர். அவர்களில் 1,800-க்கும் மேற்பட்டவர்கள், கிட்டத்தட்ட நான்கில் ஒருவர், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "ஜனங்களுக்கு மரத்தின் அருமை தெரியவில்லை, விழிப்புணர்வு வேண்டும்" என்று பேசி முடித்திருக்கலாம். ஒரு ஆய்வாளர் அப்படிச் செய்யாமல் அந்த மக்களிடமே போய்க் கேட்டார். 2019-இல் அது வெளியானது. மரத்தின் பயனெல்லாம் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அவர்கள் கண்டிருந்தது வேறொன்று: ஆளில்லாத வீடுகளின் முன்னால் கவனிப்பாரற்று நின்ற மரங்களை, விழுந்த கிளையை எடுக்கக்கூட வராத நகர நிர்வாகத்தை, தங்களைக் கேட்காமலேயே முன்பு வெட்டப்பட்ட மரங்களை. இப்போது நட்டுவிட்டுப் போவீர்கள், பிறகு இலை கூட்டுவது, வேர் நடைபாதையைப் பெயர்த்தால் சரிசெய்வது, கிளை முறிந்தால் அள்ளுவது எல்லாம் எங்கள் தலையில்தானே விழும் என்று கேட்டார்கள். எந்த மரம், எங்கே என்று தங்களிடம் யாரும் ஆலோசிக்கவில்லை என்றும் சொன்னார்கள்.

அந்த மக்கள் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம் என்பது என் கருத்து. பராமரிப்புக்குப் பணம் வைக்காத திட்டம் உண்மையில் அந்தச் செலவை மிச்சப்படுத்தவில்லை. தெருவில் குடியிருப்பவர் மேல் ஏற்றிவிடுகிறது. அதுவும் யார் மேல்? வெப்பம் அதிகமாக வாட்டுவது ஏழைகள் வாழும் பகுதிகளைத்தான். அமெரிக்காவில் 1930-களில் வீட்டுக் கடனுக்காக நகரங்களை வரைபடத்தில் பிரித்து, கறுப்பின மக்களும் குடியேறிகளும் வாழ்ந்த பகுதிகளை 'ஆபத்தானவை' என்று சிவப்பு அடித்து வைத்தார்கள். 108 நகர்ப்புறங்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வு, அந்தப் பகுதிகள் இன்றும் நல்ல மதிப்பு பெற்ற பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூட்டில் இருப்பதாகக் காட்டியது. எண்பது, தொண்ணூறு வருஷத்துக்கு முன் முதலீடு மறுக்கப்பட்ட தெருக்கள் இன்றும் வெந்துகொண்டிருக்கின்றன. அங்கே இருக்கிறவரிடம் போய்க் கன்றைக் கொடுத்து "நீயே தண்ணீர் ஊற்று" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு விஷயம், எங்கே நடுகிறோம் என்பது. அமெரிக்காவின் மாடிசன் நகரத்தில் சைக்கிளில் வெப்பமானியைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக அளந்து 2019-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு குடியிருப்புப் பகுதியில் மர நிழல் 40 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் பகல் நேரக் குளிர்ச்சி நன்றாகக் கூடுகிறது என்று கண்டார்கள். எல்லா வார்டுக்கும் ஆளுக்கு இருநூறு கன்று என்று தூவிவிடுகிற வழக்கத்தை இதை வைத்து மறுபடி யோசிக்க வேண்டும். சூடு அதிகமான இருபது தெருக்களைத் தேர்ந்தெடுத்து அடர்த்தியாக வளர்த்துக் காட்டினால், ஊர் முழுக்கத் தூவுவதைவிடப் பலன் அதிகம். அரசியல்வாதிக்கு அது கஷ்டம்தான், மற்ற வார்டுக்காரர்கள் கோபிப்பார்கள். இருந்தாலும் செய்யத்தான் வேண்டும்.

பலன் இருக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு: 93 ஐரோப்பிய நகரங்களை வைத்து 2023-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின் கணிப்புப்படி, மரப் பரப்பை 30 சதவீதமாக உயர்த்தினால் நகர வெப்பத்தால் நேரும் மரணங்களில் மூன்றில் ஒரு பங்கைத் தவிர்க்கலாம். சராசரி வெப்பம் குறைவது 0.4 டிகிரிதான். அந்த அரை டிகிரிகூட இல்லாத குளிர்ச்சியே அத்தனை உயிர்களைக் காக்கும் என்றால், இது அழகுபடுத்தும் வேலை இல்லை. குடிநீர்க் குழாய் மாதிரி, மருத்துவமனை மாதிரி அடிப்படை வசதி. குழாய் பதித்துவிட்டு மோட்டார் ஓட்ட ஆள் போடாமல் எந்த நிர்வாகமும் இருப்பதில்லை. கொலம்பியாவின் மெடெயின் நகரம் 2016-இலிருந்து சாலைகள், ஓடைகள் ஓரமாக 30 பசுமைப் பாதைகளை உருவாக்கியது. சுமார் 1.6 கோடி டாலர் செலவு. அந்த இடங்களில் வெப்பம் ஏறக்குறைய 2 டிகிரி குறைந்ததாக நகர நிர்வாகம் சொல்கிறது. எனக்கு அதில் பிடித்தது, வசதியற்ற குடும்பங்களைச் சேர்ந்தவர்களைத் தாவரவியல் பூங்கா மூலம் பயிற்றுவித்துத் தோட்டப் பணியாளர்களாக வேலைக்கு வைத்தது. தண்ணீர் ஊற்றுவது அங்கே யாருடைய தியாகமும் இல்லை, சம்பளமுள்ள வேலை.

பணம் பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றம் 2022-இல் நகர்ப்புற மரங்களுக்காக 150 கோடி டாலர் ஒதுக்கியது. இவ்வளவு பெரிய தொகை இதற்கு முன் அங்கே ஒதுக்கப்பட்டதில்லை. ஆட்சி மாறி 2025 பிப்ரவரியில், ஆர்பர் டே என்ற மரம் நடும் அறக்கட்டளை வழியாகப் பல ஊர்களின் சிறு அமைப்புகளுக்குப் போக வேண்டிய 7.5 கோடி டாலர் ரத்தானது. பணம் கொடுத்த அமெரிக்க வனத்துறையின் முன்னுரிமைகளோடு ஒத்துப்போகவில்லை என்பது காரணம். கன்றுக்கு ஆட்சி மாறியது தெரியாது. அடுத்த கோடையில் அதற்குத் தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான்.

இருக்கிற பெரிய மரத்தை வெட்டிவிட்டு "ஒன்றுக்குப் பத்து நடுகிறோம்" என்பதையும் நான் ஏற்பதில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் சாலைப் புதுப்பிப்பு ஒப்பந்தத்தின் பேரில் 5,000-க்கும் மேற்பட்ட தெரு மரங்கள் வெட்டப்பட்டன. பல நல்ல மரங்கள். பதிலுக்குக் கன்று நட்டதால் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. மக்கள் தெருவில் நின்று போராடினார்கள். 2023-இல் வந்த விசாரணை அறிக்கை நகர மன்றத்தைக் கடுமையாகச் சாடியது. அறுபது வயது மரத்தின் நிழலைப் பத்துக் கன்றுகள் பத்து வருஷத்திலும் தராது. ஆகவே மரத்துக்கான நிதியில் முதல் பங்கு, நிற்கிற மரத்தைக் காப்பதற்குத்தான் போக வேண்டும்.

மரம் ஒன்றே போதும் என்றும் நான் சொல்லவில்லை. கூரைக்கு வெள்ளை அடித்தால் பலன் அந்தக் கோடையிலேயே தெரியும். தண்ணீர் பற்றாக்குறை உள்ள ஊரில் எந்த இனம் என்பதைப் பார்த்துத்தான் நட வேண்டும். குறுகலான தெருவில் இடைவெளியே இல்லாமல் கிளைகள் மூடினால் இரவில் சூடு வெளியேறுவது தாமதமாகும். இதையெல்லாம் அந்தந்த இடத்துக்கு ஏற்ப வல்லுநர்கள் பார்த்துக்கொள்ளலாம். பணத்துக்கான நிபந்தனையைச் சாதாரண ஆளான நாமே கேட்கலாம். என் கோரிக்கை இது: ஒப்பந்ததாரருக்கு நடும்போது பாதிப் பணம் மட்டும் கொடுங்கள். மீதியைத் தவணையாக, மூன்றாம் வருஷமும் ஐந்தாம் வருஷமும் உயிரோடு நிற்கிற மரத்தை எண்ணிப் பார்த்துக் கொடுங்கள். எண்ணுகிற வேலையை அந்தத் தெருக்காரர்களிடம் விடுங்கள், அதற்கும் கூலி கொடுங்கள். எந்த மரம் வேண்டும் என்பதைக் குழி வெட்டுவதற்கு முன்பே அவர்களிடம் கேளுங்கள். பராமரிப்புக்கான தொகையைத் தனிக் கணக்கில் போட்டு, வேறு செலவுக்கு எடுக்க முடியாதபடி சட்டத்தில் எழுதி வையுங்கள். இதனால் ஒரு கோடி என்று அறிவித்த கன்று இருபது லட்சமாகக் குறைந்தால் குறையட்டும்.