அந்த 7 கோடி டாலர் ஏலத்தில் வந்த விலை அல்ல

ஃபெராரி 250 ஜிடிஓ என்ற பழைய பந்தயக் கார் ஒன்று 2018-இல் ஏலத்தில் 7 கோடி டாலருக்கு விற்றது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அதைப் பலர் அப்படியே எடுத்துப் பகிர்ந்தும் வருகிறார்கள். தயவுசெய்து இதைச் சற்றுத் திருத்திக்கொள்ளுங்கள். அதே ஆண்டில் விற்ற இரண்டு கார்கள் இங்கே ஒன்றாகக் கலந்துவிட்டன.

7 கோடி டாலர் என்று செய்தி வந்தது 4153 ஜிடி என்ற சேசிஸ் எண் (காரின் அடிச்சட்டத்துக்குரிய அடையாள எண்) கொண்ட காருக்கு. 1964-இல் டூர் டி பிரான்ஸ் கார் பந்தயத்தை வென்ற வண்டி அது. ஏல மேடைக்கே வராமல் தனிப்பட்ட முறையில் கைமாறியது. அதன் விலையை நாம் பத்திரிகைச் செய்திகளின் வழியாகத்தான் அறிகிறோம்.

ஏலத்தில் விற்றது 3413 ஜிடி. 2018 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மாண்டரேயில் ஆர்எம் சதபீஸ் நடத்திய ஏலம் அது. கடைசிக் கேள்வியை ஏற்று ஏலதாரர் தட்டும் சுத்தியல் 4 கோடியே 40 லட்சம் டாலரில் விழுந்தது. வாங்குபவர் செலுத்தும் கட்டணமும் சேர்ந்து 4 கோடியே 84 லட்சத்து 5 ஆயிரம் ஆனது. இரண்டு கார்களின் விலைக்கும் 2 கோடி டாலருக்கு மேல் வித்தியாசம்! பழைய கார்களுக்கு மதிப்புப் போடுபவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

சரிபார்ப்பது எளிது. ஆர்எம் சதபீஸ் இணையதளத்தில் முடிந்த ஏலங்களின் பகுதிக்குச் சென்று, மாண்டரே 2018 பட்டியலைத் திறந்து பாருங்கள். 3413 அங்கே விலையோடு இருக்கிறது. 4153 அந்தப் பட்டியலில் இல்லை.