பழைய பிக்கப்பைத் தூக்குவதற்கு முன் அதன் அடியில் படுங்கள்

பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, விடுமுறை நாட்களில் தானே பிரித்து மாட்டிச் சீராக்குவது நல்ல பொழுதுபோக்கு. ஆனால் வாங்கிய கையோடு கேட்கப்படும் முதல் கேள்வி எப்போதும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கிறது. சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை எத்தனை இஞ்ச் தூக்கலாம்? எந்த சைஸ் டயர் ஏறும்? என் கருத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்), பிரேக், ஸ்டியரிங் மூன்றும் கம்பெனி விட்ட நிலைக்குத் திரும்பும்வரை அந்த வண்டியில் உயரம் கூட்டும் லிஃப்ட் கிட்டுக்கும் பெரிய டயருக்கும் இடமே கிடையாது.

இதைப் பழமைவாதம் என்று நினைக்க வேண்டாம். காரணம் கறாரானது. இருபது வருடம் சுமை இழுத்த வண்டியில் ஒவ்வொரு ஜாயிண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அதைத் தூக்கிவிட்டுப் பெரிய டயரும் போட்ட பிறகு 70 கிலோமீட்டர் வேகத்தில் அதிர்வு வருகிறது என்று வையுங்கள். கிராஸ் (சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் முனை இணைப்பு) தேய்ந்ததாலா, பினியன் கோணம் (ஷாஃப்ட் ஆக்சிலில் சேரும் கோணம்) மாறியதாலா, டயர் பேலன்ஸ் சரியில்லாததாலா? கில்லாடி மெக்கானிக்கே தடுமாறுவார். ஸ்டாக்கில், அதாவது கம்பெனி விட்ட நிலையில், ஒழுங்காக ஓடிய வண்டி என்றால் கடைசியாகக் கை வைத்த இடத்தைப் பார்த்தால் போதும்.

சேஸிலிருந்து தொடங்குவோம். பெயிண்ட் பளபளக்கும் வண்டியின் சேஸ் உள்ளுக்குள் இற்றுப்போயிருக்கலாம். பெட்டி வடிவ சேஸ் என்றால் துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே ஓட்டை தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். இது மலிவு வண்டிகளின் நோய் மட்டுமல்ல. 1995 முதல் 2000 வரை தயாரான டகோமா பிக்கப்களின் சேஸ் துருவுக்காக டொயோட்டாவே 2008-ல் 15 ஆண்டு உத்தரவாதம் கொடுக்க வேண்டியிருந்தது. பார்க்க வேண்டிய இடங்கள்: பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் ஹேங்கர், பட்டையின் மறுமுனையைத் தாங்கும் ஷாக்கிளின் பிராக்கெட், பின் சக்கரத்துக்கு நேர் மேலே சேஸ் வளையும் இடம், டீசல் டேங்குக்கு மேல்புறம், இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படியும் எல்லா இடமும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். இற்ற இரும்பு மொத்தென்று அடைத்த குரலில் பதில் சொல்லும், சில இடத்தில் சுத்தியல் உள்ளேயே போய்விடும்.

ஓட்டை விழுந்தால் அதன்மேல் தகடு வைத்து ஒட்டுவது பெரும் தவறு. நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் தகடு. அந்தத் தகடும் சதுரமாக இருக்கக் கூடாது. இரு முனையும் கூராகும் வைர வடிவில் வெட்ட வேண்டும். சேஸின் குறுக்கே செங்குத்தாக ஒரே கோட்டில் வெல்ட் வைத்தால் வளைவு விசை முழுவதும் அந்தக் கோட்டில் குவிந்து, நாளைக்கு அங்கேதான் விரிசல் விடும். வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரியின் இரு முனையையும் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை வெல்ட் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள். பேரிங் வழியாகக் கரண்ட் போனால் பேரிங் காலி.

அடிப்பகுதிக்குத் தார் போன்ற கறுப்புக் கோட்டிங் அடிப்பது பற்றி ஒரு வார்த்தை. புது இரும்புக்கு அது சரி. துருப்பிடித்த பழைய இரும்புக்கு அது எமன். வெளியே பளிச்சென்று இருக்கும், உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்து நிம்மதியாக அரிக்கும். ஒயர் பிரஷ்ஷால் செதிலை உரித்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி அடித்து, பிரைமர், பெயிண்ட் என்று போங்கள். சேஸ் பெட்டிக்குள் கேவிட்டி வேக்ஸ் (உட்புறத் துருவைத் தடுக்கும் மெழுகு) பீய்ச்சுங்கள். சேஸின் அடியில் உள்ள வடிகால் துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைத்துவிடாதீர்கள். விற்பதற்காக அவசரமாகக் கோட்டிங் அடித்த வண்டியைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும்.

துருவேறிய போல்ட்டில்தான் பலருடைய ஆர்வம் முறிகிறது. முந்தின நாளே பெனிட்ரேட்டிங் ஆயில் அடித்து ஊற விடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் வேண்டாம், ஆறு முனை சாக்கெட் போடுங்கள். முந்தையது முனையை மழுங்கடித்துவிடும். முதலில் லேசாக இறுக்கிப் பாருங்கள், பிறகு தளர்த்துங்கள். அந்த முதல் அசைவில்தான் துரு உடைகிறது. சூடு காட்டுவதென்றால் நட்டுக்குக் காட்டுங்கள், போல்ட்டுக்கு அல்ல. ரப்பர் புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளை), பிரேக் பைப், டேங்க் பக்கத்தில் நெருப்பே வேண்டாம். இன்னொன்று, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். உள்ளே ஒரு ரப்பர் சீல் போனால் வண்டி மார்மேல் இறங்கும். ஸ்டாண்ட் போட்டு, தரையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வண்டியை ஒரு முறை குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அடுத்து பிரேக். மற்ற எதை விட்டாலும் இதில் கஞ்சத்தனம் கூடாது. பெடலே பாதி நோயைச் சொல்லிவிடும். முதல் மிதியில் கீழே போய் இரண்டாவது மிதியில் மேலே வந்தால் பின் டிரம்மில் ஷூ இடைவெளி அதிகம். மெத்துமெத்தென்று அமுங்கினால் லைனில் ஏர். மிதித்து அப்படியே பிடித்திருக்கையில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போய், வெளியே கசிவும் இல்லை என்றால் பெடல் தள்ளும் பிரேக் பம்ப்பான மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் போயிருக்கிறது. பிரேக் போட்டு விட்ட பிறகும் ஒரு முன் சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே சூடாகிறதா? டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரைக் குறை சொல்வதற்கு முன் ரப்பர் ஹோஸைப் பாருங்கள். வெளியே நன்றாக இருக்கும், உள்ளே ஊதி அடைத்திருக்கும். உங்கள் கால் பலத்துக்கு ஆயில் முன்னே போகும், திரும்பி வர வழியிருக்காது. பழைய வண்டியில் எல்லா ஹோஸையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுவதே மேல்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய நிலையில் அதற்கான வரம்பு 155 டிகிரிதான். சுமையோடு மலை இறங்கும்போது அந்த வித்தியாசம் காலில் தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிரேக் லைனிலிருந்து ஏர் எடுக்கும்போது செய்யப்படும் பொதுவான தவறு ஒன்று: பெடலைத் தரை வரை மிதிப்பது. பல வருடமாக பிஸ்டன் போகாத தூரத்தில் மாஸ்டர் சிலிண்டர் சுவர் துருவேறி இருக்கும். அதன்மேல் சீல் ஏறினால் கிழியும். ஏர் எடுத்த மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று புலம்புகிறவர்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்தால் போதும்.

பின் டிரம்மைக் கழற்றினால் ஷூ ஆயிலில் நனைந்திருக்கிறது என்று வையுங்கள். முகர்ந்து பாருங்கள். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் அது ஆக்சில் சீல் வழியே வந்த கியர் ஆயில். தண்ணீராக இருந்தால் வீல் சிலிண்டர். எதுவானாலும் நனைந்த ஷூவைத் துடைத்துத் திரும்பப் போடாதீர்கள். லைனிங்குக்குள் ஊறிய ஆயில் சூட்டில் வெளியே வரும். சீல் மாற்றியும் சில மாதத்தில் மறுபடி கசிகிறது என்றால் ஹவுசிங் மேலே இருக்கும் பிரீதர் வால்வைப் பாருங்கள். சேறு அடைத்து அது மூடிக்கொண்டால், ஓடும் சூட்டில் உள்ளே காற்று விரிந்து, போக வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியே தள்ளும். சுண்டுவிரல் அளவுப் பொருள். இதைக் கவனிக்காமல் சீலைக் குறை சொல்லும் ஆட்கள் எக்கச்சக்கம்.

ஸ்டியரிங்கைச் சுருக்கமாக முடிக்கலாம். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் வருவது டை ராட் வகையறா. சக்கரம் தரையில் இருக்க, இன்ஜினை ஓட விட்டு, ஒருவர் ஸ்டியரிங்கைக் கொஞ்சமாக இப்படியும் அப்படியும் திருப்ப, இன்னொருவர் பானெட்டைத் திறந்து ஒவ்வொரு ஜாயிண்டாக விரல் வைத்துப் பார்த்தால் குற்றவாளி அகப்பட்டுவிடுவான். ஆட்டம் ஜாயிண்டில் இருக்க, ஸ்டியரிங் பாக்ஸின் மேலே உள்ள ஸ்குரூவை இறுக்குவது குறுக்குவழி. நடுவில் இறுகிப் பிடித்து, வளைவிலிருந்து ஸ்டியரிங் தானாகத் திரும்பாமல் போய்விடும்.

இவ்வளவும் முடிந்த பிறகு தூக்குவதைப் பற்றிப் பேசலாம். எனக்கு லிஃப்ட் மேல் பகையில்லை. அளவு மீறினால்தான் பகை. சேஸ் இஞ்ச் கணக்கில் உயர்ந்தாலும், அதோடு இணைந்த பைப், ஒயர், ஷாஃப்ட், கம்பி எதுவும் நீளாது.

முன்னால் டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) உள்ள வண்டியில் போல்ட்டை இறுக்கினால் இலவசமாக உயரம் கிடைக்கும் என்பார்கள். உயரம் கிடைக்கும், ஆனால் சக்கரம் கீழே இறங்க வேண்டிய தூரத்தை அது சாப்பிட்டுவிடும். பள்ளத்தில் மேல் ஆர்ம் ஸ்டாப்பரில் போய் இடிக்கும். நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டியில் முன் சக்கரத்தைச் சுழற்றும் சிவி ஜாயிண்டின் கோணம் கூடி அதன் ரப்பர் உறையான பூட் கிழியும். பின்னால் நீள ஷாக்கிள் போடுகிறவர்கள் இரண்டு இஞ்ச் நீளம் கூட்டினால் ஒரு இஞ்ச்தான் உயரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதோடு ஆக்சிலும் சுழன்று பினியன் கோணம் மாறும். இரு முனையிலும் ஒற்றைக் கிராஸ் உள்ள ஷாஃப்ட்டில் கியர் பாக்ஸ் முனையும் பினியன் முனையும் இணையாக இருக்க வேண்டும். கோணம் பிசகினால் ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிரும். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இரும்பு ஆப்புத் தகடு வைத்து இதைத் திருத்தலாம். உயரத்துக்காக ஆக்சில் மேல் பிளாக் (கட்டை) வைப்பதென்றால் பின்னால் மட்டும், ஒன்றே ஒன்று. பிளாக்குக்கு மேல் பிளாக் அடுக்குவதும், முன் ஆக்சிலில் பிளாக் வைப்பதும் உயிரோடு விளையாடுவது.

பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட்டைக் கழற்றினால் மறுபடி மாட்டக் கூடாது. ஒருமுறை இழுபட்டு நீண்ட போல்ட் இரண்டாம் முறை அதே பிடியைத் தராது. புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் முழுசாக இறுக்கிவிடாதீர்கள். வண்டி தரையில் தன் எடையில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கம். தொங்கும்போது இறுக்கினால் இறக்கியதுமே ரப்பர் முறுகி, சீக்கிரம் கிழியும்.

தூக்கிய வண்டிகளில் பலர் கவனிக்காத ஒன்று, பின் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவில் ஒரு கம்பியோடு இருக்கும் பிரேக் வால்வு. சுமை ஏறினால் சேஸ் தாழும், கம்பி நகரும், வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலி வண்டியில் குறைத்துவிடும், இல்லையென்றால் பின் சக்கரம் லாக் ஆகும். இப்போது பின்பக்கத்தை இரண்டு இஞ்ச் தூக்கினால் அந்த வால்வுக்கு வண்டி எப்போதும் காலி. ஒரு டன் ஏற்றினாலும் பின் பிரேக் சோம்பேறித்தனமாகத்தான் பிடிக்கும், முன் பிரேக் வெந்துபோகும். கம்பியின் பிராக்கெட்டையும் தூக்கிய அதே அளவுக்கு நகர்த்த வேண்டும். சிலர் வால்வை முழுசாகத் திறந்த நிலையில் கட்டிவிடுவார்கள். மழையில் காலி வண்டியை நிறுத்தும்போது வால் பக்கம் முன்னால் வந்து நிற்கும். வால்வுக்கு ஏர் வெளியேற்றும் தனி நிப்பிள் இருந்தால் அதிலும் ஏர் எடுக்க மறக்காதீர்கள்.

டயருக்கு ஒரு கணக்கு. 235/75 R15 டயரின் விட்டம் 733 மில்லிமீட்டர் சொச்சம். 31 இஞ்ச் டயர் 787. ஏழு சதவீதத்துக்கு மேல் கூடுதல். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 86-ல் ஓடும். ஆக்சிலில் 4.10 விகித கிரவுன் பினியன் கியர் இருந்தால் அது 3.82 போல நடந்துகொள்ளும். மேட்டில் ஐந்தாவது கியர் வெறும் அலங்காரம், கிளட்ச்சுக்கும் வேலை கூடும். பழைய இழுவை வேண்டுமென்றால் சுமார் 4.40 தேவை; கைக்குக் கிடைக்கிற 4.30 அல்லது 4.56-ல் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நான்கு சக்கர ஓட்டம் என்றால் முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் பிடிமானமுள்ள சாலையில் இழுவையை முன்னும் பின்னும் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். பெரிய டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல்: ஓடிய தூரத்தையும் மீட்டர் ஏழு சதவீதம் குறைத்துத்தான் காட்டுகிறது, விழுந்ததில் ஒரு பங்கு பொய்.

ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டால் கூடுதல் சுமை ஏற்றலாம் என்ற நம்பிக்கையும் தவறு. பட்டை தாங்கும். ஆக்சில், பேரிங், பிரேக், சேஸ் எதற்கும் பலம் ஏறவில்லை.

பழைய வண்டிக்கு நான் தயங்காமல் சொல்லும் மாற்றம் ஹெட்லைட்டுக்கு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் ஸ்விட்ச்) போடுவது. பழைய ஒயரிங்கில் லைட்டுக்கான கரண்ட் முழுவதும் ஸ்விட்ச் வழியாகவே போய் வரும். பேட்டரியில் 13.5 வோல்ட் இருக்க, பல்பில் 12 வோல்ட்தான் எட்டுகிறது என்றால் ஹாலஜன் பல்பின் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஒளி வோல்டேஜைவிடப் பல மடங்கு வேகமாக விழும். இரண்டு ரிலே, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், தடித்த ஒயர், சுரண்டிச் சுத்தம் செய்த எர்த். அரை நாள் வேலை. ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள் எல்இடி பல்பைத் திணிப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். அது எதிரே வருகிறவன் கண்ணைக் குருடாக்குமே தவிர சாலையை ஒழுங்காகக் காட்டாது.

இதே சாக்கில் எர்த்தையும் சோதித்துவிடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில், மறுமுனை இன்ஜின் பிளாக்கில். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரை மாற்றுங்கள். பேட்டரி, செல்ஃப் மோட்டார் இரண்டையும் மாற்றிய பிறகும் இன்ஜின் சோம்பலாகச் சுற்றும் வண்டிகளில் மிச்சமிருப்பது பெரும்பாலும் அந்த ஒரு ஒயர்தான்.