செய்திக்குள் சுட்டி வையுங்கள்

"ஆய்வு ஒன்றில் தெரியவந்துள்ளது" என்று தமிழ்ச் செய்தித் தளங்களில் அடிக்கடி படிக்கிறோம். எந்த ஆய்வு, யார் செய்தது, எங்கே வெளியானது? பல நேரம் பதில் இருக்காது. நடுவில் ஒரு சொல் சுட்டியாக (லிங்க்) நீல நிறத்தில் தெரிகிறதே என்று தட்டினால், அதே தளத்தின் வேறொரு செய்தி திறக்கும். எனக்கு இது உண்மையிலேயே கோபம் தருகிறது.

இணையத்தில் சொந்தமாக வலைப்பதிவு எழுதும் பதிவர் பெரியவரா, பத்திரிகையாளர் பெரியவரா என்ற சண்டை பழையது. அதில் பதிவர்கள் ஒரு விஷயத்தில் முன்னால் நின்றார்கள். அவர்களுக்கு நிறுவனப் பெயர் கிடையாது, பாரம்பரியம் கிடையாது. அதனால், எங்கே படித்தார்களோ அதற்குச் சுட்டி கொடுத்து, "நீங்களே பாருங்கள்" என்று சொல்லித்தான் நம்பிக்கையைச் சம்பாதித்தார்கள்.

2006 டிசம்பர் 7 அன்று அமெரிக்காவில் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் அரசு ஏழு மத்திய அரசு வழக்கறிஞர்களைப் பதவி விலகச் சொன்னது. ஆளுக்கு ஓர் ஊர் என்பதால் அந்தந்த ஊர்ப் பத்திரிகைகள் தனித்தனிச் செய்தியாகப் போட்டன. ஜோஷ் மார்ஷல் நடத்திய 'டாக்கிங் பாயின்ட்ஸ் மெமோ' என்ற வலைப்பதிவு அந்தத் துண்டுகளைச் சுட்டிகளோடு ஒன்றுசேர்த்தது. அப்புறம்தான் இதன் பின்னால் அரசியல் இருக்கிறதா என்ற கேள்வி பெரிதானது. 2007 மார்ச்சில் அந்த அரசின் நீதித்துறை அமைச்சகம் சுமார் 3,000 பக்க ஆவணங்களை வெளியிட்டபோது, மார்ஷலின் குழு அவற்றை வாசகர்களிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னது. அந்த ஆகஸ்டில் அந்த அமைச்சகத்தின் தலைவரான அட்டர்னி ஜெனரல் ஆல்பர்ட்டோ கொன்சாலெஸ் ராஜினாமாவை அறிவித்தார். அடுத்த வருடம் அந்தத் தளத்துக்கு பத்திரிகைத் துறைக்கான ஜார்ஜ் போல்க் விருது கிடைத்தது.

இதைப் பதிவர்களின் தனி வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஊர் ஊராக முதலில் விசாரித்து எழுதியவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்த நிருபர்கள். அவர்கள் இல்லாவிட்டால் மார்ஷல் எதற்குச் சுட்டி கொடுத்திருப்பார்? நீதிமன்ற வாசலில் நிற்பது, அதிகாரிக்குப் பத்து முறை போன் போடுவது, மறுதரப்பைக் கேட்பது எல்லாம் இன்றும் பத்திரிகையின் வேலைதான். ஆனால் அந்த உழைப்பைச் சரிபார்க்க வாசகருக்கு வழி விட வேண்டாமா?

வழி விட்டால் ஆபத்தும் உண்டு. 2004 செப்டம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, புஷ்ஷின் ராணுவச் சேவை பற்றிய 1970களின் குறிப்புகள் என்று சிலவற்றைக் காட்டி, அவற்றின் நகல்களைத் தன் இணையதளத்திலும் போட்டது. இது டைப்ரைட்டர் எழுத்து மாதிரி இல்லையே, கணினி எழுத்தாக இருக்கிறதே என்று பதிவர்கள் உடனே கேட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் அவை அசல்தான் என்று நிரூபிக்க முடியவில்லை என சிபிஎஸ் ஒப்புக்கொண்டது. நகலைப் போடாமல் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் அப்படித் தப்பிக்கும் ஊடகத்தை நான் ஏன் நம்ப வேண்டும்?

இங்கே முகநூலிலும் "லிங்க் முதல் கமெண்டில்" என்று மூலத்தை ஒளித்து வைக்கப் பழகிவிட்டோம். பதிவு பகிரப்படும்போது அந்தக் கமெண்ட் கூடவே போவதில்லை.

என் கோரிக்கை சின்னது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் நீதிமன்றத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. தீர்ப்பைப் பற்றி எழுதும் தமிழ்ச் செய்தியில், தீர்ப்புக்கே ஒரு சுட்டி கொடுங்கள். நாளைக்கே தொடங்கலாம்.