'சபாஷ், சரியான போட்டி' நம்பியார் வசனம் இல்லை

காரைக்குடியில் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றுகிறது: "சபாஷ், சரியான போட்டி" என்று சொன்னவர் நம்பியாராம், படம் எடுத்தது நம்ம தேவகோட்டை ரஸ்தா ஏவிஎம் ஸ்டூடியோவிலாம். இரண்டுமே தப்பு. சொன்னவர் பி.எஸ்.வீரப்பா, 1958-ல் வந்த ஜெமினியின் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில்; பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆட, நடுவில் அந்தக் கனத்த குரல் வந்து விழும் பாருங்கள், ஒரு தடவை கேட்டால் போதும், நம்பியார் குரலோடு குழப்பிக்கொள்ளவே முடியாது. ஏவிஎம் 1948-லேயே சென்னைக்குப் போய்விட்டது, இங்கே எடுத்தது 'நாம் இருவர்' மாதிரி அதற்கு முந்தைய படங்கள். அப்புறம், வீரப்பா வெறும் வில்லன் மட்டும் இல்லை, 'ஆலயமணி'யைத் தயாரித்தவரும் அவர்தான். ஆச்சி, தயவுசெய்து அந்த வீடியோவை அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடாதீர்கள்.