லீவு போட்டு வந்தா யானை வழி விடணுமா?

கொடைக்கானல் காட்டுக்குள்ள இருக்குற பேரிஜம் ஏரிக்குப் போற வழியில எடுத்த வீடியோவ எல்லாரும் பாத்திருப்பீங்க. யானை நிக்குது, இன்னிக்கு விட முடியாதுன்னு சொன்ன வனத்துறை வாட்ச்சர நாலு பேர் சுத்தி நின்னு "இ-பாஸ் எடுத்தாச்சு, ரூம் போட்டாச்சு, லீவு போட்டு வந்திருக்கோம்"னு கத்துறாங்க. சார், இ-பாஸ் 2024 மே மாசத்துல இருந்து வண்டியில கொடைக்கானல் மலை ஏறுறதுக்கு. பேரிஜத்துக்கு வனத்துறை பர்மிட் தனி. யானைகிட்ட ரெண்டுமே செல்லாது.

2013லயே அந்தக் காட்ட சரணாலயம்னு அறிவிச்சாச்சு. யானை வந்து தங்குனா ரோட்ட மூடுவாங்க, அடிக்கடி நடக்குறதுதான். லீவு உங்க ஆபீஸ்ல போட்டது, யானைகிட்ட இல்ல.

நான் மலைக்குக் கீழ இருக்குற பெரியகுளம். எங்க ஊரு குடிக்கிறது பேரிஜம் தண்ணி, அதனால எனக்கு கோவம் கொஞ்சம் ஜாஸ்தியாவே வரும். சின்ன வயசுல மாமா அங்க கூட்டிட்டுப் போனப்போ ஏரி ஓரத்துல புல்லுதானேன்னு கால வச்சேன், பொதக்குனு கணுக்கால் வரைக்கும் உள்ள போயிருச்சு, உருவி எடுத்தா அந்தக் குழியில தண்ணி ஊறி நிக்குது. மாமா காதத் திருகிட்டார், குடிக்கிற தண்ணியிலயாடா கால வைக்கிறன்னு. சோலையும் புல்வெளியும் சதுப்பும் மழைய உள்ள வாங்கி வச்சு கோடை வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா விடுறதாலதான் கீழ நமக்குத் தண்ணி.

'நீ மட்டும் போலாமா'ம்பீங்க. நானும் பேரிஜம் ரோடு ஆரம்பிக்கிற மோயர் பாயிண்ட்டோட திரும்பி வந்தவன்தான், யார்கிட்டயும் கத்தல. 'விஐபி கார் போகுதே'ன்னா அதையும் வீடியோ எடுங்க, நானே ஷேர் பண்றேன். 'டூரிசம் படுத்துரும்'னு ஒருத்தர், ஒரு நாள் பேரிஜம் மூடுனா கொடைக்கானலே படுத்துருமாம், சரிங்க. 'புல்வெளி பூரா பைன் மரமும் வாட்டில் மரமும் நட்டு கெடுத்ததே வனத்துறைதானே'ன்னு கேட்டவர் கேட்டது நியாயம். ஆனா நட்டது அந்த வாட்ச்சரா?

அந்த மனுசன் குளுருக்கு மஃப்ளர சுத்திக்கிட்டு "சொன்னா கேளுங்க சார், சொன்னா கேளுங்க சார்"னு அதையேதான் சொல்லிட்டு நிக்கிறார். அவர் மூஞ்சிக்கு நேரா ஐநூறு ரூபா நோட்ட ஆட்டி 'எவ்ளோ வேணும்'ங்கிறான் ஒருத்தன். யானைய விடுங்க, எனக்கு ராத்திரி தூக்கம் வராததுக்கு காரணம் அந்த நோட்டு. அவர் வயசு என்ன, அவன் வயசு என்ன.

அந்த வீடியோவுக்கு ஹாஹா போட்டவங்கள்ல எங்க தெருக்கார அண்ணன் ஒருத்தரும் இருக்கார். அண்ணே, நீங்களும் மோட்டார் போட்டு டேங்க்ல ஏத்துறது அந்தத் தண்ணியத்தான். காலையில இருந்து கூப்புடுறேன், ஃபோன எடுக்க மாட்டேங்கிறீங்க, அதான் இங்கயே எழுத வேண்டியதாப் போச்சு.